பழைய புல்லட் எஞ்சின் மாட்டும்போது வால்வ் டைமிங்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

பாளையங்கோட்டையில எங்க வீட்டு வாசல்ல நிக்குறது அப்பா ஓட்டுன காஸ்ட் அயர்ன் புல்லட் 350. நான் மெக்கானிக் இல்ல, லீவு நாள்ல கையில கிரீஸ் ஆக்கிட்டு வீட்டுல ஏச்சு வாங்குற ஆளு, அவ்வளவுதான். ஆனா எஞ்சினை மூணு தடவ பிரிச்சு மாட்டியாச்சு, அதுல ஒரு தடவ பட்டபாடு ஊருக்கே தெரியும். அதுக்கப்புறம் யாரு எஞ்சின் பிரிச்சாலும் எனக்குத்தான் போன் வருது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடுதேன். புல்லட்ட மனசுல வச்சு எழுதுனது, ஆனா புஷ்ராட் (கேம் தூக்குறத மேல வால்வுக்கு கொண்டுபோற கம்பி) வச்ச எந்த பழைய ஒத்த சிலிண்டர் வண்டிக்கும் பெரும்பாலும் ஒத்துவரும்.

வால்வ் டைமிங்னா என்ன அண்ணாச்சி? ஒரு வரியில சொல்லுங்க.

பிஸ்டன் எந்த இடத்துல இருக்கும்போது எந்த வால்வ் தொறக்கணும், எப்ப மூடணும்ங்கிற கணக்கு, அதான். ஃபோர் ஸ்ட்ரோக்ல கிராங்க் (பிஸ்டன் மேல கீழ போறத சுத்தா மாத்துத தண்டு) ரெண்டு சுத்து சுத்துனா கேம் (வால்வ தூக்குத மேடு வச்ச தண்டு) ஒரே ஒரு சுத்துதான் சுத்தும், அதனாலதான் கேம் கியர்ல பல்லு, கிராங்க் முனைல இருக்குற பினியனைவிட (சின்ன கியர்) ரெண்டு மடங்கு இருக்கும். இந்த ரெண்டையும் எந்த பல்லுல கோக்குறோம்ங்கிறதுதான் நாம "டைமிங் செட் பண்றது"ன்னு சொல்லுத வேலை.

எங்கிட்ட இருக்குறது பழைய யெஸ்டி. அதுக்கு எப்படி செட் பண்ணனும்?

பண்ணவே வேண்டாம், அதுல வால்வே கிடையாது. அந்தக் காலத்து யெஸ்டி, ஜாவா, ராஜ்தூத் 175 எல்லாம் டூ ஸ்ட்ரோக், சிலிண்டர் சுவத்துல இருக்குற ஓட்டைய பிஸ்டனே தொறந்து மூடிக்கிடும். உங்களுக்கு பாயின்ட் டைமிங் (ஸ்பார்க் அடிக்குற நேரம்) மட்டும்தான், குடுத்துவச்ச ஆளு நீங்க.

பிரிக்கதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

எல்லாரும் கோட்டை விடுத இடம் இது, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்லுதேன். டைமிங் கவரை (இந்த கியரை மூடியிருக்குற மூடி) கழட்டுன உடனே கியரை உருவப்படாது. பிளக்கை கழட்டிட்டு, வண்டிய சென்டர் ஸ்டாண்டுல போட்டு, டாப் கியர்ல விட்டு, பின் சக்கரத்தை முன்னால பைய உருட்டுங்க. வலது பக்கம் நின்னு பாத்தா புல்லட் கிராங்க் கடிகாரம் சுத்துற மாதிரிதான் சுத்தும். கியர்ல இருக்குற டாட் (புள்ளி அடையாளம்) எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பாத்துக்கிட்டு நிக்குற இடம் வந்ததும் நிறுத்தி, நேரா நின்னு ஒரு போட்டோ, வெளிச்சம் போட்டு இன்னொரு போட்டோ. சாஞ்சு நின்னு எடுத்த போட்டோல டாட் ஒரு பல்லு தள்ளி இருக்குற மாதிரி தெரியும், நான் அதுல ஒரு தடவ ஏமாந்திருக்கேன்.

அடுத்து, டாட் இருந்தாலும் சரி இல்லாட்டாலும் சரி, கோத்து நிக்குற பல்லு மேல நீங்களே ஒரு அடையாளம் வையுங்க. பெயின்ட் வச்சா பெட்ரோல்ல கழுவுறப்ப போயிரும், அதனால கூரான ஸ்க்ரைபரால மெல்லிசா ஒரு கீறல் போதும். தயவு செஞ்சு பஞ்ச் வச்சு அடிக்காதீங்க, ஏன்னு கீழ சொல்லுதேன்.

எஞ்சின் ஓடுன நிலையில டைமிங் சரியா இருந்துச்சாங்கிறதையும் பிரிக்கதுக்கு முன்னாடியே பாத்துடணும். தப்பா மாட்டியிருந்த எஞ்சினை அடையாளம் வச்சு பிரிச்சு திரும்ப அதே அடையாளத்துல மாட்டுனா அதே தப்பு பத்திரமா திரும்பி வரும்லா.

டாட்டு டாட்டு சேத்தா போதாதா? எங்க மெக்கானிக் அண்ணாச்சி முப்பது வருசமா அப்படித்தான் பண்ணுதாரு.

கியர் கம்பெனில இருந்து வந்த ஜோடியா இருந்து, வேற யாரும் கை வைக்காம இருந்தா போதும். ஒரு கியர்ல பல்லு மேல டாட் இருக்கும், அதோட கோக்குற கியர்ல ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்குற பள்ளத்துல அடையாளம் இருக்கும், அது இதுக்குள்ள உக்காரணும். முப்பது வருசமா பண்ணுதவரு கை தப்பாது, நான் அவர சொல்லல. ஆனா முப்பது நாப்பது வயசு வண்டியில அந்த டாட்ட வச்சது யாருன்னு உங்களுக்கும் தெரியாது அவருக்கும் தெரியாது.

எங்க கதைய கேளுங்க. அப்பா வண்டிய ஒரு பட்டறையில குடுத்து ஃபுல் எஞ்சின் வேலை பாத்தோம், போர் போட்டு புது பிஸ்டன் மாட்டி கைல வந்துச்சு. ஸ்டார்ட் ஆச்சு, ஐட்லிங்கும் நின்னுச்சு, வண்ணாரப்பேட்டை வரைக்கும் போயிட்டு வந்தா ஒண்ணும் தெரியல. ஆடி மாசம் நாகர்கோவில் போறப்ப காவல்கிணறு பக்கம் எதிர்காத்து அடிக்கும்லா, அதுல மூணாவது கியர்லயே மூச்சு வாங்குது, ஆக்சிலேட்டர திறந்தா கார்புரேட்டர் வழியா புசுக் புசுக்குன்னு துப்புது, தொடைல பெட்ரோல் ஈரம். அதுக்கப்புறம் ஆறு மாசம் ஜெட் மாத்துனோம், கண்டன்சர் மாத்துனோம், கார்புரேட்டரே மாத்துனோம், பாக்குத ஆளுக்கெல்லாம் ஒரு யோசனை. கடைசில சலிச்சுப்போயி டைமிங் கவரை தொறந்தா ஒரு கேம் கியர்ல ரெண்டு டாட். ஒண்ணு கம்பெனி வச்சது, இன்னொன்னு எந்தக் காலத்துலயோ எவரோ பஞ்ச் வச்சு அடிச்சது. பட்டறைக்காரரு ரெண்டாவது டாட்ட நம்பிட்டாரு. ஒத்த பல்லு.

அதனாலதான் பஞ்ச் அடிக்காதீங்கன்னு சொன்னேன். டாட்ங்கிறது முன்னாடி ஒருத்தரு சொல்லிட்டுப்போன வாக்கு, அவ்வளவுதான். கேம் வேற வருசத்து எஞ்சின்ல இருந்து எடுத்ததா இருக்கலாம், கிரைண்டிங் பண்ணி உருவம் மாறுன கேமா இருக்கலாம், பினியன்ல சாவி (கியர் நழுவாம பிடிக்குற சின்ன இரும்புத் துண்டு) உக்காருத காடி தேஞ்சு ஆடலாம், இது எதுவும் டாட்டுக்கு தெரியாது. டாட்ட வச்சு மாட்டுங்க, அளந்து பாத்துட்டு கவரை மூடுங்க.

ஒத்த பல்லு தானே, அவ்வளவு பெரிய வித்தியாசமா?

பல்லை எண்ணிப் பாருங்க. கேம் கியர்ல 40 பல்லுன்னு வையுங்க, 360ஐ 40ஆல வகுத்தா 9 டிகிரி, ஆனா இது கேம் கணக்கு, கிராங்க் ரெண்டு மடங்கு சுத்துறதால கிராங்க்ல 18 டிகிரி. 48 பல்லுன்னா 15 டிகிரி. இதுல நடுவாந்திரமா வைக்க வழியே கிடையாது, ஒண்ணு சரி, இல்லாட்டா 15, 18 டிகிரி தப்பு.

கேம் லேட்டா இருந்தா இன்லெட் வால்வ் லேட்டா மூடும், பிஸ்டன் மேல ஏற ஆரம்பிச்ச பிறகும் வாசல் தொறந்தே கிடக்கும், உள்ள இழுத்த சரக்கு திரும்ப கார்புரேட்டருக்கே வரும். அதான் எங்க வண்டி துப்புனது. கம்ப்ரஷனும் குறையும், கிக்கர் காலுக்கு லேசா இருக்கும், "அடேயப்பா சுலபமா கிக் அடிக்கலாமே"ன்னு சந்தோசப்படாதீங்க. கேம் முந்தி இருந்தா வேற மாதிரி, கீழ இழுவை நல்லா இருக்குற மாதிரி தோணும், வேகம் எடுக்கும்போது மேல ஒண்ணும் இருக்காது.

சாமான் எதுவும் இல்லாம சரியா இருக்கான்னு பாக்க வழி உண்டா?

உண்டு, எனக்கு ரொம்ப பிடிச்ச வழி இதுதான். எக்சாஸ்ட் ஸ்ட்ரோக் முடிஞ்சு இன்டேக் தொடங்குற அந்த டாப்புல (பிஸ்டன் உச்சிக்கு வந்து நிக்குற இடம்) ரெண்டு வால்வும் ஒரே நேரத்துல கொஞ்சம் கொஞ்சம் தொறந்திருக்கும், ஒண்ணு மூடிக்கிட்டு வரும், இன்னொண்ணு தொறந்துக்கிட்டு போகும். பிஸ்டனை சரியா அந்த டாப்புல நிறுத்தி, ரெண்டு வால்வும் எவ்வளவு இறங்கி நிக்குதுன்னு பாருங்க, ராக்கர் (வால்வ அமுக்குத கை) பக்கம் வெர்னியர் வச்சு பாக்கலாம், டயல் கேஜ் இருந்தா இன்னும் நல்லது. பழைய சாதா கேமுக்கு ரெண்டும் ஏறக்குறைய சமமா இருக்கும்.

இன்லெட் ரொம்ப இறங்கி, எக்சாஸ்ட் மூடியே போச்சுன்னா கேம் முந்தி இருக்கு. எக்சாஸ்ட் இன்னும் நல்லா தொறந்து கிடக்கு, இன்லெட் அசையவே இல்லன்னா பிந்தி இருக்கு. புல்லட்ல கேம் ரெண்டும் தனித்தனி, அதனால ஒண்ணு மட்டும் பல்லு மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அப்ப ஒரு வால்வ் சரியா இருந்து இன்னொண்ணு மட்டும் கோணலா நிக்கும். 15 டிகிரி தப்பு இதுல கண்ணுக்கே தெரியும். ஒண்ணு ரெண்டு டிகிரி தெரியாது, அதுக்கு டிகிரி வீல் (டிகிரி கோடு போட்ட வட்டத் தட்டு) வேணும்.

டாப்பை சரியா எப்படி கண்டுபிடிக்கது? நான் பிளக் ஓட்டையில ஸ்க்ரூ டிரைவர் விட்டு பாக்கேன்.

ஸ்க்ரூ டிரைவரை முதல்ல வெளிய எடுங்க. புல்லட்ல பிளக் ஓட்டை சாய்வா இருக்கு, இரும்பு எதையாவது விட்டுட்டு சுத்துனா பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு பிளக் மரையும் போகும் பிஸ்டனும் கீறும். சும்மா குத்துமதிப்பா பாக்க இளநீர் ஸ்ட்ரா போதும்.

ஆனா குத்துமதிப்பு இந்த வேலைக்கு ஆகாது. புல்லட் 350க்கு போர் (சிலிண்டர் அகலம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் போற தூரம்) 90. டாப்புல இருந்து கிராங்க் 5 டிகிரி நகந்தாலும் பிஸ்டன் 0.2 மில்லிமீட்டர் போலதான் இறங்கும், அதை ஸ்ட்ராவுலயும் பாக்க முடியாது, கண்ணாலயும் பாக்க முடியாது. பிஸ்டன் மேல வந்து கொஞ்ச நேரம் சும்மா நிக்குற மாதிரிதான் இருக்கும்.

அதனால ஸ்டாப்பர் முறை. ஒரு செத்த பிளக்கை எடுத்து பீங்கானை உடைச்சு எடுத்துட்டு உள்ள ஒரு போல்ட்ட லேத்துல குடுத்து வெல்டு வச்சு வாங்குங்க, முனைய நல்லா மழுங்கலா உருட்டிடணும். இடது பக்கம் பிரைமரி கவரை கழட்டுனா ஆல்டர்னேட்டர் ரோட்டர் நட்டு இருக்கும், டிகிரி வீல அதுல மாட்டுங்க. டிகிரி வீலுக்கு காசு செலவு பண்ண வேண்டாம், முழு வட்ட பாகைமானி ஒண்ணு பிரிண்ட் எடுத்து பழைய காலண்டர் அட்டையில ஒட்டுனா போதும், ஆனா பெருசா எடுங்க, 18 சென்டிமீட்டர் அகலம் இருந்தா ஒரு டிகிரிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் இடம் கிடைக்கும், கண்ணாடி போட்ட ஆளும் வாசிக்கலாம். குடைக்கம்பிய வளைச்சு ஒரு போல்ட்டுல கட்டுனா முள்ளு ரெடி.

டாப்புன்னு தோணுற இடத்துல வீல பூஜ்யத்துல வச்சிட்டு, பிஸ்டனை கொஞ்சம் இறக்கி ஸ்டாப்பரை மாட்டுங்க. முன்னால பைய சுத்துங்க, முட்டும், அளவை எழுதுங்க. பின்னால சுத்துங்க, அங்கனயும் முட்டும், எழுதுங்க. ஒரு பக்கம் 38, மறுபக்கம் 42ன்னு வந்தா உங்க பூஜ்யம் 2 டிகிரி தப்பு, ரெண்டு பக்கமும் 40 வர்ற மாதிரி முள்ளை நகத்துங்க. அந்த ரெண்டுக்கும் நட்ட நடுவுதான் நிஜ டாப். வேலை முடிஞ்சதும் ஸ்டாப்பரை கழட்ட மறந்துறாதீங்க. சிரிக்காதீங்க, நடந்திருக்கு.

டிகிரி வீல் மாட்டியாச்சு. இப்ப எதை அளக்கணும்?

புத்தகத்துல "இன்லெட் டாப்புக்கு இத்தனை டிகிரி முன்னாடி தொறக்கும், கீழ் டெட்டுக்கு இத்தனை பின்னாடி மூடும்"னு இருக்கும், கீழ் டெட்னா பிஸ்டன் அடியில போயி நிக்குற இடம். கணக்குக்கு 30, 60ன்னு வச்சுக்கிடுவோம், எக்சாஸ்டுக்கு 75, 35. உங்க வண்டிக்கு உங்க புத்தகத்து நம்பரைத்தான் எடுக்கணும்.

சிக்கல் என்னன்னா கேம் மூக்கு ஒரேயடியா தூக்காது, சத்தம் வராம இருக்க மெதுவா ஏறுற ஒரு சரிவு இருக்கும், அதனால "தொறக்கற நொடி"ன்னு ஒண்ணை பிடிக்கவே முடியாது, ஆளாளுக்கு அஞ்சு டிகிரி மாறும். அதனால உச்சத்தோட நடுவை பிடிக்கணும். டயல் கேஜ புஷ்ராட் தலையில நிறுத்தி, தூக்குறப்ப 1 மில்லிமீட்டர் வர்ற இடத்துல வீல் நம்பரை எழுதுங்க, இறங்குறப்ப அதே 1 மில்லிமீட்டர் வர்ற இடத்துல எழுதுங்க, நடுவுதான் கேம் உச்சம். புத்தகக் கணக்குல 30 கூட்டல் 180 கூட்டல் 60, மொத்தம் 270 டிகிரி தொறந்திருக்கு, பாதி 135, அதுல 30 போனா டாப்புக்கு அப்புறம் 105ல உச்சம். எக்சாஸ்டு 75, 180, 35 சேந்து 290, பாதி 145, அதுல 35 போனா டாப்புக்கு 110 முன்னாடி. நீங்க அளந்தது இதுக்கு ரெண்டு மூணு டிகிரிக்குள்ள வந்தா மனசுக்கு நிம்மதி. 15, 18 தள்ளி வந்தா பல்லு மாறியிருக்கு.

அளக்குறப்ப எப்பவும் எஞ்சின் ஓடுற பக்கமாவே சுத்துங்க. இடம் தாண்டிப் போச்சுன்னா கொஞ்சமா பின்னால வராதீங்க, நல்லா பின்னால போயிட்டு திரும்ப முன்னால வாங்க, இல்லாட்டா கியர் பல்லுக்கு நடுவுல இருக்குற ஆட்டம் உங்க அளவுல ஏறிடும்.

ரெண்டு தடவ சுத்துனப்பறம் டாட் சேரவே இல்லயே, தப்பா மாட்டிட்டேனோ?

பினியனும் கேம் கியரும் நேரா கோத்திருந்தா கிராங்க் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவ டாட் திரும்ப சேரும். நடுவுல ஐட்லர் (சுத்த கைமாத்தி விடுத கியர்) இருந்தா அதோட அடையாளம் பல சுத்துக்கு அப்புறம்தான் சேரும். பயப்படாதீங்க, முத தடவ சேந்தா போதும்.

வால்வ் பிஸ்டன்ல இடிக்குமா?

தப்பான பல்லுல இருந்தா இடிக்கலாம், பிஸ்டன் மாத்தியிருந்தா, ஹெட்டை செதுக்கியிருந்தா சரியான பல்லுலயும் இடிக்கலாம். அதனால கிக்கர்ல காலு வைக்கதுக்கு முன்னாடி கையால ரெண்டு முழு சுத்து சுத்துங்க. எங்கயாவது டொக்குன்னு நின்னா அதுக்கு மேல பலத்தை காட்டாதீங்க.

எவ்வளவு இடைவெளின்னு தெரியணும்னா பிள்ளைகள் விளையாடுற கலர் களிமண்ண பிஸ்டன் தலையில வால்வ் வர்ற இடத்துல அப்பி, மேல லேசா எண்ணெய் தடவி, ஹெட்டை பழைய பேக்கிங்கோட முறுக்கி, ரெண்டு சுத்து சுத்தி தொறந்து, அமுங்குன இடத்தை பிளேடால வெட்டி கனத்தை பாருங்க. இன்லெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர், எக்சாஸ்டுக்கு 2 மில்லிமீட்டர், அதுக்கு குறையப்படாதுன்னு பழைய ஆளுக சொல்லுத கணக்கு.

டைமிங் சரியாத்தான் இருக்கு, அளந்தும் பாத்துட்டேன், ஆனா ஸ்டார்ட் ஆகாம சைலன்சர்ல படார்னு வெடிக்குது.

பெரும்பாலும் இது கரண்டு பக்கத்து தப்பு. ஒரு விஷயம் நல்லா புரிஞ்சுக்கிடுங்க: ஒத்த சிலிண்டர்ல வால்வ் டைமிங்க "ஒரு சுத்து தள்ளி" மாட்டவே முடியாது, ஏன்னா கிராங்க் ரெண்டு தடவ டாப்புக்கு வருது, எது கம்ப்ரஷன் டாப் எது எக்சாஸ்ட் டாப்புன்னு முடிவு பண்ணுறதே கேம்தான். ஆனா புல்லட் டிஸ்ட்ரிபியூட்டரும் (பாயின்ட் உள்ள இருக்குற, ஸ்பார்க் நேரத்த முடிவு பண்ணுற சாமான்) கேம் மாதிரி பாதி வேகத்துலதான் ஓடுது, அதை எக்சாஸ்ட் டாப்புல வச்சு செட் பண்ணிட்டா ஒரு முழு சுத்து தள்ளி ஸ்பார்க் அடிக்கும். வால்வ் தொறந்திருக்குறப்ப நெருப்பு, வெடிக்காம என்ன செய்யும்.

கம்ப்ரஷன் டாப்பை கண்டுபிடிக்கது சுலபம். பிளக் ஓட்டைய கட்டை விரலால அமுக்கிட்டு சக்கரத்தை உருட்டுங்க, விரலை காத்து தள்ளும், அடுத்து வர்ற டாப்புதான். அங்கன ரெண்டு புஷ்ராடும் லூசா இருக்கும். அதை வச்சு பாயின்ட்ட செட் பண்ணுங்க, புல்லட்டுக்கு ஆட்டோ அட்வான்ஸ் (வேகம் ஏற ஏற ஸ்பார்க்க முந்த விடுத சாமான்) முழுசா பின்னால நிக்குறப்ப, பிஸ்டன் டாப்புக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னாடி வர்றப்ப பாயின்ட் பிரியணும். ஆம்மீட்டர் முள்ளை பாத்தே பிரியுறத பிடிக்கலாம், டீகம்ப்ரஷரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளிய விடுத லிவர்) பிடிச்சு முள்ளை நடுவுல நிறுத்தி கிக் அடிக்கிற அதே வித்தைதான்.

டேப்பட் கேப் (வால்வ் மூடியிருக்குறப்ப விடுத இடைவெளி) எவ்வளவு வைக்கணும்? ஃபீலர் கேஜ் வாங்கணுமா?

காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்கு வேண்டாம். எஞ்சின் நல்லா ஆறுன பிறகு, கம்ப்ரஷன் டாப்புல, புஷ்ராட விரலால திருகுனா சுத்தணும், மேலயும் கீழயும் ஆட்டுனா ஆட்டம் இருக்கப்படாது. சூடான பிறகு சிலிண்டர் வளரும், கேப் தானா வரும். சித்திரை வெயில்ல வாசல்ல நின்ன வண்டிய ஆறுன எஞ்சின்னு எண்ணாதீங்க, காலைல எந்திரிச்ச உடனே பண்ணுங்க. டைமிங்க அளக்குறதும் இது முடிஞ்ச பிறகுதான்.

பினியனை மூடியிருக்குற நட்டு கழலவே மாட்டேங்குது.

நீங்க முறுக்கிக்கிட்டு இருக்கீங்க. எண்ணெய் பம்ப ஓட்டுற அந்த வார்ம் நட்டுக்கு இடது மரை, வழக்கமா முறுக்குற பக்கம் திருப்புனாத்தான் கழலும். நீளமா பைப் போட்டு அமுக்கி மரைய தின்னவங்க கொள்ள பேரு. கவர் தொறந்தது தொறந்தாச்சு, கவருக்குள்ள கிராங்க் முனைல உக்காருத கார்க் சீலையும் மாத்திடுங்க, சல்லிக்காசு சாமான், ஆனா பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்க்ல மாட்டுத இடம்) எண்ணெய் போறது அது வழியாத்தான்.

ஹீரோ ஹோண்டா சிடி 100க்கும் இதேதானா?

இல்ல, அதுல கேம் ஹெட்டுக்குள்ள, செயின்ல ஓடுது. மேக்னட்ல இருக்குற T கோடை அடையாளத்துக்கு நேரா வச்சு, கேம் ஸ்ப்ராக்கெட் குறிய ஹெட் குறிக்கு நேரா வச்சா முடிஞ்சுது. செயின் தொங்காம டென்ஷனரை விட்டுட்டு ரெண்டு சுத்து சுத்தி திரும்ப பாருங்க, அங்கதான் ஒரு பல்லு தாவும். ஸ்பார்க் மேக்னட்ல இருந்து ஒவ்வொரு சுத்துக்கும் வர்றதால மேல சொன்ன வெடிச்சத்தம் பிரச்சினை இதுக்கு இல்ல.

எல்லாம் மாட்டியாச்சு. ஓட்டிப் பாத்து எப்படி தெரிஞ்சுக்கிடுறது?

ஊருக்குள்ள ஓட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாது, ஒத்த பல்லு தப்போடதான் நாங்க ஆறு மாசம் மார்க்கெட்டுக்கு போயிட்டு வந்தோம். புது போர்னா முதல்ல மெதுவா ஓட்டி பழக்கிடுங்க. அப்புறம் ஆள் ஏத்திக்கிட்டு ஏதாவது ஏத்தத்துக்கோ எதிர்காத்துக்கோ விடுங்க. எங்க வண்டிய பல்லு மாத்துன அடுத்த ஆடியில அதே காவல்கிணறு காத்துக்குத்தான் கொண்டுபோனேன், பின்னால மச்சான் உக்காந்திருக்காரு, மூணாவது கியர்ல முழுசா திறந்தேன், துப்பல. டாப் கியருக்கு மாத்துனேன், இழுத்துச்சு. மச்சான்தான் "பைய போங்க அத்தான்"னு சட்டைய பிடிச்சு இழுத்தாரு.